ஃபெமினாவின் இரண்டு பிறந்த தேதிகள்

சூலூர்
2.9.2025

ஃபெமினாவுக்கு,

'அன்புள்ள' என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால் இனி உன் போனை எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுது. ஐந்தாம் வகுப்போடு நின்ற அத்தைக்கு எழுத வராது என்று நினைக்காதே. மில் நோட்டீஸ் போர்டையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகப் படித்தவள் நான்.

பி.காம். மூன்றாம் வருடம் நடக்கிறது. தறிக்கூடத்தில் துணி செக்கிங் முடித்து வீட்டுக்கு வந்தால் சோற்றுப் பானைமேல் ஒரு சீட்டு. 'பெங்களூர் போகிறேன் அத்தை, தோழி ஹர்ஷிணியோடு தங்குவேன், கொரியாப் பாட்டுக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், பதினெட்டு வயதாகிவிட்டது, என் முடிவை நானே எடுக்கிறேன்.' உன் அம்மா சாகும்போது உனக்கு இரண்டு வயது. அன்றிலிருந்து உன் முடிவுகளை எடுத்தவள் நான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், "ஏனுங்க விமலாக்கா, புள்ளையக் காணோம்?" என்று நாலு பேர் கேட்டார்கள். "பரீட்சைக்குப் போயிருக்குதுங்க" என்றேன். அறுபத்தொரு வயதில் என்னை முதல் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

ஹர்ஷிணி அனுப்பிய உங்கள் ஆட்ட வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். பிடித்துப் பார்க்கவில்லை. இரண்டாவது வரிசையில் மூன்றாவதாக நிற்கிற பெண் கையை அரை நொடி தாமதமாக இறக்குகிறாள். அது நீ இல்லை. ஆனால் துணியில் ஒரு இழை தப்பினாலும் பீஸ் முழுக்கத்தான் கழிப்பார்கள். அவளிடம் சொல்.

அத்தை,
விமலாராணி

*

பெங்களூர்
8.9.2025

அன்புள்ள அத்தைக்கு,

நான் அடிக்கவில்லை, பாருங்கள்.

கேட்காமல் வந்தது தப்புதான். கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். இரண்டும் எனக்குத் தெரியும். கையை இறக்கத் தாமதித்தவள் ஹர்ஷிணிதான். "உங்க அத்தை ஜட்ஜா வந்திருந்தா நான் அன்னைக்கே ஊருக்குப் போயிருப்பேன்" என்றாள்.

நீங்கள் நினைப்பதுபோல் வருகிறவர்களையெல்லாம் மேடையில் ஏற்றிவிடுகிற கம்பெனி இல்லைங்க அத்தை. முதலில் ஒரு ஃபாரம். கூடவே மேக்கப் இல்லாமல் நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த போட்டோ, ஒரு நிமிடம் பாடியது, ஒரு நிமிடம் ஆடியது. அதில் தேறியவர்களை ஆகஸ்டில் இங்கே ஒரு ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். நெஞ்சில் நம்பர் ஒட்டிக்கொண்டு பத்துப் பத்துப் பேராக நின்றோம். என் நம்பர் 214. பாட்டுப் பெட்டியெல்லாம் கிடையாது, வெறும் குரல். நாலு வரி பாடுவதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். என்னை நிறுத்தவில்லை. இன்னொரு பாட்டுக் கேட்டார்கள். எனக்குச் சட்டென்று வந்தது நம் சர்ச் கீர்த்தனைதான். தமிழில் பாடினேன். அந்தக் கொரியா அம்மா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

போன வாரம் மெயில் வந்தது. இந்தியாவிலிருந்து எடுத்த மூன்று பேரில் நான் ஒருத்தி. சியோலுக்குப் போய் மூன்று மாதம் டிரெய்னியாக இருக்க வேண்டும். அதிகாலையிலிருந்து ஆட்டம், குரல், அவர்கள் பாஷை. மாதம் ஒரு பரீட்சை. தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேறினாலும் முதல் பாட்டு வெளிவர இரண்டு மூன்று வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். 2007 ஜனவரிக்குப் பிறகு பிறந்தவர்களைத்தான் எடுப்பார்கள். ஃபாரத்தில் என் உண்மையான பிறந்த நாளைப் போட்டேன், 9 பிப்ரவரி 2007. பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் நீங்கள் சொன்ன தேதி, 31 மே 2006. தேர்வாகும்வரை அது என் நினைவிலேயே இல்லை. கம்பெனியின் இந்தியப் பொறுப்பாளர் தேஜா கூப்பிட்டு, "வயதைக் குறைத்து எழுதினாயா?" என்று கேட்டார். நான் பொய்க்காரி என்று நினைக்கிறார்கள்.

முப்பதாம் தேதிக்குள் இரண்டு காகிதம் வேண்டும். உண்மையான தேதிக்கு ஆதாரம் ஒன்று. அதை மாற்றிச் சொன்னவர் தானே எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் இன்னொன்று.

அறுபத்தொரு வயதில் முதல் பொய் என்று எழுதியிருந்தீர்கள். அது இரண்டாவதுங்க அத்தை.

உங்கள்
ஃபெமினா

*

சூலூர்
13.9.2025

ஃபெமினாவுக்கு,

அது பொய் இல்லை. ஏற்பாடு.

2011 ஜூனில் ஐந்து வயது நிரம்பியிருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. உனக்கு நாலேகால். ஏசுவடியான் வாத்தியார்தான் ஹெட்மாஸ்டர். "ஏனம்மணி, அஞ்சு ஆச்சுங்களா?" என்றார். "ஆச்சுங்க" என்றேன். "காதைத் தொடச் சொல்லுங்க" என்றார். தலைக்கு மேலாகக் கையைப் போட்டு எதிர்ப்பக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. உனக்கு எட்டாது என்று எனக்குத் தெரியும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, தோளை உயர்த்தி, சிரித்துக்கொண்டே தொட வேண்டும் என்று ஒரு வாரம் பழக்கியிருந்தேன். நீயும் பிசகாமல் செய்தாய். வாத்தியார் சிரித்துவிட்டு மே 31 என்று எழுதினார். அந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மே 31தான் பிறந்த நாள். இந்த ஜில்லாவில் வாக்குமூலம் எழுத ஆரம்பித்தால் பேப்பர் பத்தாது.

நான் எழுதித் தர மாட்டேன். வக்கீல் முன்னால் நின்று நான் தப்புச் செய்தேன் என்று சொல்கிற பழக்கம் எனக்கில்லை. மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தேன், ஒரு மெமோ வாங்கியதில்லை.

உன்னை எடுக்கவில்லை என்றால் நல்லது. கல்லூரியில் விசாரித்தேன். நவம்பருக்குள் வந்தால் பரீட்சை எழுதவிடுவார்கள்.

கீர்த்தனையில் எது பாடினாய் என்று எழுதவில்லை.

அத்தை

*

பெங்களூர்
17.9.2025

அத்தை,

நான் கற்றுக்கொண்ட முதல் ஸ்டெப் அந்தக் காதுதான். சொல்லிக் கொடுத்தது நீங்கள். ஹர்ஷிணிக்குச் செய்து காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

பன்னிரண்டு வருடம் வகுப்பில் நான்தான் சின்னவள். எல்லோருக்கும் எட்டுகிற ஜன்னல் எனக்கு எட்டாது. ரிலே ரேஸில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து ஏன் இப்படி என்று கேட்டால், "அடுத்த வருசம் வளந்துருவே கண்ணு" என்பீர்கள். நான் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்தாலும் ஒரு காரணம் இருக்கும் என்று இருந்துவிட்டேன். அந்தக் காரணத்தைத்தான் இப்போது கேட்கிறேன். ஒரு வருடம் கழித்துச் சேர்த்திருக்கலாமே. அப்படி என்ன அவசரம்? உங்கள் கடிதத்தில் காது இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார், மெமோ இருக்கிறது. காரணம் மட்டும் இல்லை.

சியோலில் ஒருவரைப் பார்த்தவுடன் முதலில் கேட்பது வயதைத்தானாம். ஒரு வருடம் மூத்தவளானாலும் அக்கா முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும், மரியாதையாகத்தான் பேச வேண்டும். நம் ஊர் மாதிரியேதான். அங்கே போய் எந்த வயதைச் சொல்வது?

பொய் உங்களுடையது. பழி என்மேல். இது நியாயமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பாடியது 'சீர்திரியேக வஸ்தே' இல்லை, நீங்கள் சமைக்கும்போது முணுமுணுப்பீர்களே, அடி தெரியாமல் நடுவில் ம்ம் ம்ம் போடுவீர்களே, அது. எனக்கும் நடுவில் வரி தெரியவில்லை. நானும் ம்ம் போட்டேன்.

ஃபெமினா

*

சூலூர்
25.9.2025

ஃபெமினாவுக்கு,

இத்துடன் மூன்று காகிதம் இருக்கிறது. நீ பிறந்த ஆஸ்பத்திரிப் பதிவின் நகல் ஒன்று. அதில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது, பெயர் சேர்க்க உன் அப்பன் போகவே இல்லை. அதனால் பெயரோடு தேதியும் இருக்கிற சர்ச் ஞானஸ்நானப் பதிவு ஒன்று. மூன்றாவது என் வாக்குமூலம்.

நோட்டரி முகமது ரியாஸ் நல்ல பையன். நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தான். பிறகு, "அம்மா, 'தவறுதலாக வேறு தேதியைக் கூறிவிட்டேன்'னு போட்டுட்டேனுங்க" என்றான்.

"தவறுதலா இல்லீங்க தம்பி. தெரிஞ்சேதான் சொன்னேன். அப்படியே போடுங்க."

"அப்படிப் போட்டா உங்களுக்குத்தானுங்க சிக்கல். எல்லாரும் தவறுதலான்னுதான் போடுவாங்க."

"எல்லாரும் போடட்டுங்க. எனக்குத் தேதி மறந்துபோச்சுன்னு நாளைக்கு அந்தப் புள்ள படிக்குமில்ல?"

"சரிங்க, ஏன் சொன்னீங்கன்னு ஒரு வரி வேணுமே" என்றான். அந்த வரிக்குப் பயந்துதான் இத்தனை நாள் நான் அங்கே போகவில்லை.

உனக்கு நாலு வயது ஆனபோது உன் அப்பன் லாரியோடு போய் நெல்லூரிலேயே தங்கிவிட்டான். பகலில் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாசாணியம்மாள், தன் மகள் வீட்டோடு இருக்கப் பெருந்துறைக்குப் போய்விட்டாள். எனக்கு ஆறு மணி ஷிஃப்ட். மே மாதத்தில் பதினொரு நாள் உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். ஒரு தட்டில் இட்லி, ஒரு சொம்பில் தண்ணீர். மத்தியானம் இரண்டரைக்கு வந்து திறப்பேன். நீ கதவுக்கு நேராக உட்கார்ந்திருப்பாய். ஒரு நாளும் அழுததில்லை. அழுதிருந்தால் யாராவது வந்து என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். பதினொன்றாவது நாள் திறந்தபோது, "அத்தை, இன்னைக்கு நான் இட்லிக்கிட்டப் பேசுனேன்" என்றாய். மறுநாளிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டு உனக்குக் காதைத் தொடப் பழக்கினேன், பிறகு வாத்தியாரைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு உண்டு, ஆள் உண்டு, திறந்த கதவு உண்டு.

இதை ரியாஸ் ஒரே வரியில் போட்டான். 'குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்.' அது போதும் என்றேன்.

நியாயமா என்று கேட்டாய். உனக்கு நியாயம் இல்லை. எனக்கு வேறு வழி இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்றால் நான் பேனாவை வைத்துவிடுவேன்.

காகிதம் அனுப்புவதால் நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன்னைப் பொய்க்காரி என்று ஒருவர் சொல்ல விட முடியாது, அதற்காகத்தான். போகக் கூடாது என்று சொன்னது சொன்னதுதான்.

அத்தை,
விமலாராணி

*

பெங்களூர்
6.10.2025

என் அன்புள்ள அத்தைக்கு,

எனக்கு இட்லி ஞாபகம் இல்லை. பூட்டும் ஞாபகம் இல்லை. கதவு திறந்ததும் வருகிற வெளிச்சமும் உங்கள் சேலையில் ஒட்டியிருக்கிற பஞ்சும் ஞாபகம் இருக்கிறது. அதை நான் இவ்வளவு நாளும் சந்தோஷமான ஞாபகம் என்றுதான் வைத்திருந்தேன். இனிமேலும் அப்படித்தான் வைத்துக்கொள்வேன். நீங்கள் அதை மாற்ற முடியாது, எவ்வளவு பிடிவாதம் பிடித்தாலும்.

கம்பெனி தேதியை ஏற்றுக்கொண்டது. 'தெரிந்தே சொன்னேன்' என்று எழுதியிருப்பதால்தான் நம்பினார்களாம். தேஜா சொன்னார். பாஸ்போர்ட்டைத் திருத்தவும் எழுதிப் போட்டுவிட்டேன்.

ஆனால் வேறொன்று வந்துவிட்டது. அந்த நாட்டுச் சட்டப்படி பத்தொன்பது நிரம்பாதவர் மைனர். பழைய தேதிப்படி நான் மேஜர், யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. இப்போது எனக்குப் பதினெட்டுத்தான். அதனால் பெரியவர் ஒருவர் சம்மதிக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உங்களைக் கேட்காமல் ஓடிவந்தேன். உண்மையைச் சொன்னதும் நேராக உங்களிடமே திரும்பி வந்து நிற்கிறேன், உங்கள் கையெழுத்துக்காக. கையைக் காலைப் பிடித்தாவது வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஃபாரம் வந்தது. ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம். தந்தை, தாய், நீதிமன்றம் நியமித்த காப்பாளர். 'அத்தை' என்றேன். "கோர்ட் ஆர்டர் இருக்கிறதா?" என்று தேஜா கேட்டார். "ஏன் இல்லை?" என்றும் கேட்டார். யாராவது கேட்டிருந்தால்தானே வாங்கியிருப்போம். "அப்பா இருக்கிறாரா?" என்றார். இருக்கிறார் என்றேன். அப்படியானால் அவர்தான் போட வேண்டும். மாத முடிவு வரைக்கும் நேரம்.

அத்தை, நான் அவரிடம் கேட்கப் போவதில்லை. பதினான்கு வருடத்தில் இரண்டு தடவை பார்த்தேன். என்னை வளர்த்தது அவர் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டாம். பிப்ரவரி 9 வந்தால் எனக்குப் பத்தொன்பது, யார் கையெழுத்தும் வேண்டாம். அதுவரை இடத்தை நிறுத்தி வைக்க முடியாது, காத்திருப்போர் பட்டியலில் ஆள் இருக்கிறார்கள் என்கிறார் தேஜா. பரவாயில்லை. அடுத்த ஆடிஷன் வராமலா போகும்? பிறந்த வருட வரம்பு ஏறிக்கொண்டே போகும்தான். பரவாயில்லை.

ஃபாரத்தின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அகராதி வைத்துப் படிப்பீர்கள் என்று தெரியும். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தீபாவளிக்கு மறுநாள் ஊருக்கு வருகிறேன்.

உங்கள்
ஃபெமினா

*

சூலூர்
16.10.2025

அன்புள்ள ஃபெமினாவுக்கு,

கிழிக்கவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து ஏழு பக்கமும் படித்தேன். நாலாம் பக்கத்தில், வார நாட்களில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில், சாப்பாட்டை அவர்கள் சொல்கிறபடி சாப்பிட வேண்டும் என்று இருக்கிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. போன் இல்லாவிட்டால் கடிதம் எழுதலாம், நமக்குப் பழகிவிட்டது. அந்தச் சாப்பாட்டால் நீ இளைத்துவிட்டதாகத் தெரிந்தால் நான் அங்கே வருவேன். பாஸ்போர்ட்டுக்கு நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். என் பிறந்த தேதி என்ன என்று எனக்கே சரியாகத் தெரியாது, அது வேறு கதை.

காகிதத்தில் அத்தைக்குக் கட்டம் இல்லை என்பது எனக்கு வலித்தது. ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போகவில்லை. பொய்த் தேதியை அப்படியே விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உண்மையைச் சொல்லி நானே கதவைத் திறந்து உன் அப்பனை உள்ளே விட்டேன். அப்புறம் யோசித்தேன். கட்டம் இல்லை என்று நான் கோபித்துக்கொள்ளலாம், அது என் பாடு. என் கோபத்துக்காக நீ உன் இடத்தை விடுகிறாய். அது எனக்கு வேண்டாம். நீ போகக் கூடாது என்று நான் சொல்வது ஒன்று. போக முடியாதபடி உன்னை ஒரு காகிதம் நிறுத்துவது வேறு. நான் சொல்லி நீ நிற்கவில்லை. காகிதம் சொல்லி நிற்பாயா?

திங்கட்கிழமை ரயிலேறி நெல்லூர் போனேன்.

உன் அப்பன் ஜெப்ரி குண்டாகிவிட்டான். முடி கொட்டிவிட்டது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகத் தன் வாசலில் என்னைப் பார்த்ததும், "அக்கா, யார் செத்துட்டாங்க?" என்று கேட்டான். "யாரும் சாகலைடா, உக்காரு" என்றேன். அவன் வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள். குடித்தேன். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். "கொடுக்கா, போட்டுர்றேன்" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். நான் பிடுங்கிக்கொண்டேன். "என்ன ஏதுன்னு தெரியாம போடறதுக்கு இது லாரி டிரிப் சீட்டு இல்ல." ஏழு பக்கத்தையும் வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். ஒன்றரை மணி நேரம். பாதியில் அவனுக்குக் கண் கலங்கியது. எந்த இடத்தில் என்று கேட்காதே, சாப்பாட்டுப் பக்கம்தான். "அது சின்னதுல நல்லாச் சாப்புடுமேக்கா" என்றான். அது உண்மை இல்லை. நீ ஒரு இட்லிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாய். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், விட்டுவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் சம்மதிக்கிறவர் தன் கையால் எழுத வேண்டும். நீ கவனித்தாயோ என்னவோ. அவன் உன் பெயரை எழுதினான். பிறகு பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். அவன் வீட்டுக்காரி அவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான்.

நான் உடனே சொல்லவில்லை. அவனை அப்படியே இருக்கவிட வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது. கொஞ்ச நேரம் இருக்கவிட்டேன். அப்புறம் 2007 பிப்ரவரி 9 என்றேன். எழுதினான். கையெழுத்துப் போட்டான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, ஒரு துண்டுத் தாளில் அந்தத் தேதியைக் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

எனக்கு இப்போதும் சம்மதம் இல்லை. அங்கே போய் யாராவது கேட்டால், அத்தைக்குச் சம்மதம் இல்லை, ஆனால் தேதி சொன்னது அத்தைதான் என்று சொல்.

ஃபாரம் இத்துடன் இருக்கிறது. ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், ஒரு மடிப்புக்கூட விழவில்லை. நீயும் மடிக்காமல் கொண்டுபோய்க் கொடு.

அத்தை,
விமலாராணி